மணமகளின் முன் ஆடுவது எப்படி? – யூதர் திருமண நடனத்தின் தோற்றம்



கண்டியிலும், கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பகுதிகளிலும் நம்மவர் வீட்டுக் கலியாணங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. கோவிலில் பூசை முடிந்து, வீட்டில் பந்தியும் முடிந்து, மேளம் முழங்கி இளைஞர்கள் ஆடத் தொடங்கியதும் பெரியவர் சிலர், "வேதக்காரர் வீட்டில் இந்தக் கூத்து எதற்கு?" என்று முகஞ்சுளிப்பர். "கானாவூர்க் கலியாணத்துக்கு ஆண்டவரே போனாரல்லவா?" என்று மற்றவர் மறுமொழி சொல்வர். இரு சாராரும் வேதத்தையே துணைக்கு அழைக்கின்றனர். ஆனால், ஆண்டவர் பிறந்து வளர்ந்த யூத குலத்தார் தங்கள் கலியாணங்களில் ஆடினார்களா, ஆடினால் ஏன் ஆடினார்கள், அவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து பார்ப்பவர் குறைவு. அதுவே இவ்வாரப் பாடம்.

வேதாகமம் காட்டும் ஆடல்

எபிரேய மொழியில் திருவிழாவைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'ஹாக்'. வட்டமாகச் சுற்றி வருதல் என்ற கருத்தோடு அறிஞர் பலர் இச்சொல்லைத் தொடர்புபடுத்துவர். நம் முஸ்லிம் அயலவர் 'ஹஜ்' என்று சொல்வதும் இதன் உடன்பிறந்த சொல்லே. நடனத்துக்கு வழங்கும் 'மாஹோல்' என்ற சொல்லும் சுழல்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததாகக் கொள்வர். ஆக, பழைய இஸ்ராயேலருக்கு விழாவும் வட்ட நடனமும் தூரத்து உறவு அல்ல.

அந்த நடனத்தை முன்னின்று நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். செங்கடலைக் கடந்தபின் மரியாம் கையில் மேளமெடுக்க, பெண்களெல்லாரும் அவள் பின்னே ஆடிச் சென்றனர் (யாத். 15:20). ஜெப்தேயின் மகள் தகப்பனை எதிர்கொண்டதும் மேளத்தோடும் ஆட்டத்தோடுமே (நீதி. 11:34). போரில் வென்று திரும்பிய சவுலையும் தாவீதையும் ஊர்ப் பெண்கள் அப்படியே வரவேற்றனர் (1 சாமு. 18:6). தாவீது அரசனோ உடன்படிக்கைப் பேழையின் முன் தன் முழுப் பலத்தோடும் ஆடினான், அதை ஏளனம் செய்தவள் அவன் மனைவி மிக்கோல் (2 சாமு. 6:14-16).

கலியாணத்தைப் பொறுத்தவரை, அது ஒரு நாள் காரியமாக இருக்கவில்லை. யாக்கோபின் கலியாணம் ஒரு வாரம். சம்சோனின் விருந்து ஏழு நாள். இளைய தோபியாசுக்கு மாமனார் வைத்த விருந்து பதினான்கு நாள். மக்கபேயர் முதல் ஆகமத்தில், ஒரு பழிவாங்கும் கதையின் நடுவே, அக்காலத்து மண ஊர்வலத்தை நாம் கண்ணாரக் காணலாம்: மணமகன் தன் தோழரோடும் சகோதரரோடும், மேளதாளத்தோடு, மணமகளின் கூட்டத்தை எதிர்கொள்ள வருகிறான் (9:37-39). விளக்கேந்தி மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரை ஆண்டவர் உவமையாகச் சொன்னபோது, கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அவர்கள் ஊரில் அன்றாடம் நடந்த காரியம் அது.

ஆண்டவர் நடனத்தைப் பற்றிப் பேசினாரா? பேசினார். சந்தை வெளியில் விளையாடும் சிறுவர், "நாங்கள் குழல் ஊதியும் நீங்கள் ஆடவில்லையே" என்ற பொருள்படத் தோழர்களைக் குறைகூறுவதாக அவர் சொன்னது நமக்குத் தெரியும் (மத். 11:16-17). கலியாண விளையாட்டும் இழவு விளையாட்டும் விளையாடும் பிள்ளைகள் அவர்கள் என்பர் விளக்கவுரையாளர். காணாமற்போன மகன் திரும்பிய வீட்டிலும் இசையும் ஆடலும் கேட்கின்றன (லூக். 15:25). வெளியே நின்று கோபித்தவன் மூத்தவன் ஒருவனே.

எனினும், வேதாகமம் ஆடல் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. பொற்கன்றைச் சுற்றி ஆடியதும் ஆட்டமே. ஏரோதின் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடியதும் ஆட்டமே. சீலோ ஊரில் திராட்சைத் தோட்டங்களிடையே நடனமாட வந்த பெண்களைப் பெஞ்சமின் குலத்தார் பதுங்கியிருந்து கவர்ந்து சென்றதை நீதிபதிகள் ஆகமத்தின் இறுதி அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. கால் அசைவதில் குற்றமில்லை. யாருக்காக, எதற்காக அசைகிறது என்பதே கேள்வி. யூத மறைவல்லுநர் பின்னாளில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டனர்.

இரவல் வாங்கிய வெள்ளாடை

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத சட்டத் தொகுப்பாகிய 'மிஷ்னா' ஒரு பழைய வழக்கத்தை நினைவுகூர்கிறது. ஆப் மாதம் 15-ஆம் நாளிலும், பாவப் பரிகாரத் திருநாளிலும், யெருசலேமின் கன்னிப்பெண்கள் வெள்ளாடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று ஆடுவார்கள். வாலிபர் அங்கே தமக்கு வாழ்க்கைத் துணையைத் தேடுவர். சீலோவில் கேடாக நடந்தது, இங்கே ஒழுங்கோடு நடக்கும் நல்ல காரியமாகிவிட்டதைக் கவனியுங்கள்.

அதிலும் ஒரு நிபந்தனையை நாம் மறக்கலாகாது. அன்று எந்தப் பெண்ணும் தன் சொந்த ஆடையை உடுத்தக்கூடாது. மற்றொருத்தியிடம் இரவல் வாங்கியே உடுத்த வேண்டும். செல்வர் மகளும் இரவல் உடையில். ஏழை மகளும் இரவல் உடையில். நல்லாடை இல்லாதவள் நாணித் தலைகுனியக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. யூத மரபில் திருமணத்தோடு தொடர்புடைய நடனத்தின் மிகப் பழைய விதி, ஏழைப் பெண்ணின் மானத்தைக் காக்கும் விதியாக இருந்தது.

மறைவல்லுநரின் வாக்குவாதம்

அடுத்து, 'தல்மூத்' என்னும் பெருந்தொகுப்பில் ஒரு கேள்வி வருகிறது: மணமகளின் முன் எப்படி ஆடுவது? இது காலடி வைக்கும் முறையைப் பற்றிய கேள்வி அல்ல; ஆடும்போது அவளை என்ன சொல்லிப் புகழ்வது என்பதே பொருள். ஆண்டவரின் காலத்தை ஒட்டி வாழ்ந்த இரு பெரும் குருமரபினர், சம்மாயின் சீடரும் ஹில்லேலின் சீடரும், இதில் மாறுபட்டனர்.

மணமகளை உள்ளபடியே சொல்ல வேண்டும் என்றனர் சம்மாய் மரபினர். எந்த மணமகளையும் அழகும் நயமும் உள்ளவள் என்றே பாட வேண்டும் என்றனர் ஹில்லேல் மரபினர். அவள் முடமாகவோ குருடாகவோ இருந்தால்? பொய்க்குத் தூரமாயிருக்கச் சட்டம் சொல்கிறதே என்று முதலாமவர் கேட்டனர். ஒருவன் சந்தையில் பொருள் வாங்கி வந்தபின் அதை அவன் முன்னே இகழ்வாயா, புகழ்வாயா என்று மற்றவர் திருப்பிக் கேட்டனர். இதிலிருந்து, மனிதன் மற்றவரோடு இணங்கும் இளகிய மனங்கொண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர் மறைவல்லுநர்.

வாசகர்களே, நம் கலியாண வீடுகளில் பந்தியிலிருந்துகொண்டே பெண்ணின் நிறத்தையும் வயதையும், கொண்டுவந்த சீரையும் எடைபோட்டுப் பேசுவோர் இல்லையா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்த வாய்களை மூடுவதற்கு எழுந்த வழக்கம் இது. பார்க்கும் கண் எப்படிப் பார்த்தாலும், அன்று அவள் அழகியே. அதை ஊரறியச் சொல்லும் முறைதான் நடனம்.

பெரியோர் இதைச் சொல்லோடு விடவில்லை. யூதா பார் இலாயி என்னும் மறைவல்லுநர் நறுமணச் செடியொன்றின் கிளையைக் கையிலேந்தி மணமகளின் முன் ஆடுவாராம். சாமுவேல் என்னும் முதியவர் அப்படி மூன்று கிளைகளை எறிந்து பிடித்து ஆடினாராம். "இந்தக் கிழவர் நம் மானத்தை வாங்குகிறாரே" என்று சேரா என்னும் மற்றொரு மறைவல்லுநர் வருந்தினார். முதியவர் இறந்தபோது அவர் உடலருகே நெருப்புத் தூண் நின்றதாகவும், அப்போதுதான் அந்த ஆட்டத்தின் மதிப்பைச் சேரா உணர்ந்ததாகவும் கதை முடிகிறது. தாவீதும் மிக்கோலும் மீண்டும் வந்து நிற்பது போலில்லையா? மணமகளை அழைத்துச் செல்லும் ஊர்வலத்தில் கலந்துகொள்ள மறைநூல் படிப்பையே நிறுத்தலாம் என்றும், சாவு ஊர்வலம் மண ஊர்வலத்துக்கு வழிவிட வேண்டும் என்றும் அவர்கள் வகுத்தார்கள். மணமக்களை மகிழ்விப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல; கடமை.

மேளம் மௌனமான காலம்

கி.பி. 70-இல் றோமர் யெருசலேம் தேவாலயத்தை அழித்தனர். அத்துயரம் கலியாண வீட்டுக்குள்ளும் நுழைந்தது. வெஸ்பாசியான் காலப் போரில் மணமகன் சூடும் முடியும் மேளமும் விலக்கப்பட்டன. அடுத்து வந்த போரில் மணமகளின் முடி. கடைசிப் போரில் மணமகள் பல்லக்கில் ஊருக்குள் செல்வதும் விலக்கப்பட்டது என்று மிஷ்னா கூறுகிறது. பல்லக்கைப் பின்னர் அனுமதித்தனர். மணவிழாவில் கண்ணாடிப் பாத்திரத்தை உடைக்கும் வழக்கத்தையும் யெருசலேமின் அழிவை நினைவுகூர்வதாகப் பிற்காலத்தார் விளக்கினர்.

இங்கேதான் யூதர் வழக்கத்தின் தனித்தன்மை விளங்குகிறது. துக்கத்தை மறந்து ஆடவில்லை. துக்கத்துக்காக ஆட்டத்தை அடியோடு விடவும் இல்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

பின்னர் உலகெங்கும் சிதறிய யூதர், சென்ற இடத்து ஆட்டங்களைத் தமதாக்கிக்கொண்டனர். இடைக்கால ஜெர்மனியிலும் பிரான்சிலும் யூதர் தெருக்களில் கலியாணத்துக்கென்றே ஆடல் மண்டபங்கள் இருந்தன. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால், மணமகளோடு ஆடுபவர் ஒரு கைக்குட்டையின் அல்லது கச்சையின் ஒரு நுனியைப் பிடிக்க, மறு நுனியை அவள் பிடிக்கும் வழக்கம் கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே நிலைத்தது. 1760-இல் மறைந்த பால் ஷெம் தோவ் என்னும் ஞானியைப் பின்பற்றிய ஹசீதியர், ஆடலையே செபமாகக் கருதினர். இன்று யூதர் திருமணமென்றதும் பலர் மனத்தில் தோன்றும் 'ஹோரா' வட்ட நடனமோ றுமேனியா முதலிய பால்கன் நாடுகளிலிருந்து வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலஸ்தீனத்தில் குடியேறிய இளைஞர் மூலம் பரவியது.

ஆகவே, யூதர் திருமண நடனத்தின் தோற்றம் எது என்று கேட்டால் ஒரே ஊற்றைச் சுட்ட முடியாது. மணமக்களை மகிழ்விக்கும் கடமை மறைவல்லுநர் தந்தது. வட்டமும் மேளமும் வேதாகமக் காலப் பெண்கள் தந்தவை. காலடியோ பெரும்பாலும் அயலவர் தந்தது.

நம் அயலிலே ஒரு சாட்சி

இதை மெய்ப்பிக்கும் சாட்சி நமக்கு வெகு தூரத்தில் இல்லை. கேரளத்துக் கொச்சியில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த யூதரைப் பாருங்கள். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேடு வழங்கினான். வட்டெழுத்தில் பொறித்த அதன் மொழி அக்காலத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது. அதில் தரப்பட்ட 72 உரிமைகளுள் பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் ஆகியன இடம்பெறுகின்றன. தம் தேவாலயம் அழிந்தபின் பலஸ்தீனத்தில் மேளத்தையும் பல்லக்கையும் துறந்த மக்களின் வழிவந்தோருக்கு, சேர நாட்டு மன்னன் பறையையும் பல்லக்கையும் தன் கையாலேயே கொடுத்தான் என்றால், அது சிந்திக்கத்தக்கதல்லவா? அச்செப்பேடு மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி செபக்கூடத்தில் பேணப்பட்டு வருகிறது.

கொச்சி யூதரின் கலியாணத்தில் மணமகன் வீட்டுப் பெண்ணொருத்தி மணமகளுக்குத் தாலி கட்டும் வழக்கம் இருந்தது. கொண்டாட்டம் நாட்கணக்கில் நீண்டது. பெண்கள் கூடி, வட்டமாக நின்று, கைகொட்டிப் பாடி ஆடினர். அந்த ஆட்டம் கேரளத்துக் கைகொட்டிக்களியையும் நம் கும்மியையும் ஒத்தது. பாட்டின் மொழியும் எபிரேயம் அல்ல, மலையாளம். பொருளோ பெரும்பாலும் வேதாகமக் கதைகள், யூதப் பழங்கதைகள், மணமக்களுக்கு வாழ்த்து. பிற நாட்டு யூதர் பலரிடையே ஆண்கள் கேட்கப் பெண்கள் பாடுவதற்குத் தடை இருந்தது. கொச்சியிலோ பெண்கள் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினர்.

இப்பாடல்களைக் காத்தவர்கள் பண்டிதர் அல்லர், வீட்டுப் பெண்கள். தாயும் பாட்டியும் கொப்பிகளில் எழுதி வைத்தார்கள். மகளும் பேத்தியும் அவற்றைப் பார்த்து எழுதினார்கள். 1950-களில் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்து, நெவாதிம், மெசிலாத் சியோன், தாவோஸ் முதலிய கிராமங்களில் குடியேறினர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எபிரேயமே வாய்மொழியானது. மலையாளப் பாட்டு வீட்டுக்கு வெளியே கேட்கவில்லை. ஆனாலும் கொப்பிகள் பெட்டிக்குள் இருந்தன. ஆராய்ச்சியாளர் தேடி வந்தபோது முதிய பெண்கள் அவற்றைத் திறந்து பாடிக் காட்டினர். 2005-இல் ஸ்கறியா சக்கரியா, ஓஃபிரா கம்லியேல் ஆகிய இருவரும் தொகுத்து எபிரேய மொழிபெயர்ப்போடு வெளியிட்ட பாடல் தொகுப்புக்குக் 'கார்குழலி' என்று பெயர். நமக்கு அப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை! இன்று கொச்சியில் எஞ்சியுள்ள யூதர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

அதே கேரளத்தில் புனித தோமையாரின் கிறிஸ்தவருக்கும் திருமண ஆடல் உண்டு. குத்துவிளக்கைச் சுற்றிப் பன்னிருவர் ஆடும் 'மார்க்கம்களி' அது. விளக்கு ஆண்டவரையும், ஆடுவோர் பன்னிரு அப்போஸ்தலரையும் குறிப்பதாகச் சொல்வர். 3-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, திருச்சபை வேதாகமத்தில் சேர்க்காத 'தோமையார் பணிகள்' என்னும் பழைய நூலிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. இந்தியாவுக்கு வரும் வழியில் அப்போஸ்தலர் ஒரு கலியாண விருந்தில் அமர்கிறார்; அங்கே குழல் வாசிக்கும் பெண் ஓர் எபிரேயப் பெண்; அப்போஸ்தலர் மணமகளைப் பற்றிய பாடலொன்றைப் பாடுகிறார். இது வரலாறு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்துக் கிறிஸ்தவர்கள் அப்போஸ்தலரைக் கலியாணப் பாட்டுப் பாடுபவராக எண்ணிப் பார்க்கக் கூசவில்லை என்பது தெளிவு.

நமது மலைநாட்டில்

இலங்கையிலும் யூதரின் சுவடு உண்டு. இலங்கை அரசனின் ஆலோசகர் பதினாறு பேருள் நால்வர் யூதர் என்று 12-ஆம் நூற்றாண்டில் அரபுப் புவியியலறிஞர் அல் இத்ரீசி எழுதினார். கண்டிக்குத் தெற்கே புசல்லாவையில் உள்ள றொத்சைல்ட் தோட்டத்தின் பெயரை நம் வாசகர் பலர் அறிவர். றொத்சைல்ட் குடும்பத்துக்கு உறவினரான டி வேர்ம்ஸ் என்ற யூத சகோதரர் அங்கே கோப்பி பயிரிட்டு, 1841-இல் சீனத் தேயிலையையும் நட்டனர். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட 1867-க்கு இது முந்தியது.

அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த நம் மூதாதையர், கூடையோடு தப்பையும் உறுமியையும் கும்மியையும் கோலாட்டத்தையும் நலுங்குப் பாட்டையும் கொண்டுவந்தனர். கொச்சி யூதப் பெண்களைப் போலவே நம் பாட்டிமாரும் பாட்டுகளை மனத்தில் சுமந்தனர். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தோம்? அயலவரின் அடவையும் நாம் ஏற்கின்றோம். தலதா பெரஹெராவில் நாம் காணும் வெஸ் முடி நடனக்காரர் இன்று மலைநாட்டில் பல மண ஊர்வலங்களுக்கு முன் ஆடிச் செல்கின்றனர். இதுவும் யூதர் செய்ததே, தவறில்லை. ஆனால் அவர்கள் அயலவரின் காலடியை வாங்கியபோது, தம் பாட்டின் பொருளை இழக்கவில்லை. நாமோ சில வேளை வாடகைக்கு வந்த பெட்டியின் ஓசைக்கு இடங்கொடுத்து, வீட்டிலிருக்கும் பாட்டியின் வாயை மூடிவிடுகின்றோம்.

திருமணத்தையொட்டி அந்தந்த நாட்டில் வழங்கும் நல்ல வழக்கங்களைப் பேணும்படி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டுச் சட்டத்தொகுப்பின் 77-ஆம் எண் விரும்புகிறது. ஆகவே, ஆடலாமா கூடாதா என்பதோடு நாம் நின்றுவிட வேண்டாம். எந்த ஆட்டம் என்று கேட்போம். குடித்து வெறித்து, மணமகளே அறைக்குள் ஒதுங்கி அழும்படி நடப்பது ஏரோதின் வீட்டு ஆட்டம். வட்டியெடுத்துப் பந்தலும் பாட்டுக்குழுவும் வைத்து, மறுமாதம் அடகுக் கடையில் தாலிக்கொடியை வைப்பதும் மணமக்களை மகிழ்விப்பது ஆகாது. ஏழைப் பெண்ணுக்கு இரவல் உடை தந்து, எந்தப் பெண்ணையும் அழகி என்று பாடி, முதியவரும் வெட்கத்தை விட்டு இரண்டடி எடுத்து வைக்கும் ஆட்டம், கானாவூரில் ஆண்டவர் அமர்ந்திருந்த பந்திக்குத் தகும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் நடந்த கடைசிக் கலியாணத்தில் மணமகளின் மனம் மகிழ நாம் ஒவ்வொருவரும் என்ன செய்தோம்?

2. நல்லாடை இல்லை, கொடுக்கப் பரிசில்லை என்று அழைப்பு வந்தும் வராமலிருந்தவர் யார்? அவருக்கு 'இரவல் வெள்ளாடை' தருவது எப்படி?

3. வீட்டிலுள்ள மூத்தவருக்கு எத்தனை நலுங்குப் பாட்டு, கும்மிப் பாட்டுத் தெரியும்? இந்த வாரமே பிள்ளைகளைக் கொப்பியோடு அவரருகே உட்காரச் செய்யுங்கள். பாட்டியோடு பாட்டும் போய்விட்டால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.